பட்டறையில் நிற்கும் வண்டி யார் பொறுப்பு?

நம் மோட்டார் காப்பீடு வண்டியின் உரிமையாளரைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஆர்சி புத்தகத்தில் பெயர் உள்ளவரே உரிமையாளர். பாலிசியும் அவர் பெயரில்தான். மோட்டார் தொழிலோ அடுத்தவர் வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு நடப்பது. மெக்கானிக், டிங்கரிங் பட்டறைக்காரர், பாடி கட்டுபவர், பழைய கார் வியாபாரி என எல்லோரிடமும் சாவி இருக்கிறது, பெயர் இல்லை. அந்த நிலையில் நேரும் நஷ்டத்துக்குச் சாதாரண பாலிசி பாதிதான் பதில் சொல்லும். இத்தொழிலுக்கென்று தனிக் காப்பீடு தேவை என்பதற்கு இதுவே அடிப்படை. ஆனால் இன்று கிடைக்கும் தனிக் காப்பீடும் யாருக்கு அதிகம் தேவையோ அவரை விட்டுவிட்டே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

பஸ் பாடி கட்டும் கரூரை எடுத்துக்கொள்வோம். ஓசூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ பஸ் சேசிஸ் தற்காலிகப் பதிவோடு சாலை வழியாகவே வருகிறது. கூரையில்லாத இருக்கையில், காற்றையும் மழையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஒரு ஓட்டுநர் அதை ஓட்டி வருகிறார். வழியில் நேரும் விபத்து ஒரு வகை ஆபத்து. பட்டறைக்குள் நுழைந்ததும் ஆபத்தின் தன்மையே மாறிவிடுகிறது. வெல்டிங் பொறி பறக்கும் கூடத்தில், பெயிண்டும் தின்னரும் பக்கத்தில் இருக்க, பல லட்ச ரூபாய் மதிப்புள்ள சேசிஸ்கள் வரிசையாக வாரக்கணக்கில் நிற்கின்றன. கூண்டு எழும்ப எழும்ப ஒவ்வொன்றின் மதிப்பும் நாளுக்கு நாள் கூடுகிறது. ஒரு தீ விபத்து ஒரே இரவில் பல முதலாளிகளின் வண்டிகளை அழிக்கக்கூடும். பட்டறைக் கட்டடத்துக்கு எடுத்த தீக் காப்பீடு பொதுவாகச் சுவருக்கும் இயந்திரத்துக்கும் சொந்தச் சரக்குக்கும்தான். அடுத்தவர் சொத்தைத் தனியே குறிப்பிட்டுச் சேர்க்காவிட்டால் அது கணக்கில் வராது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி பாடி கட்டுபவர்களுக்கும் இதே நிலைதான்.

வண்டி உரிமையாளரின் பாலிசி இருக்கும்போது பட்டறைக்காரர் ஏன் இன்னொரு பிரீமியம் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. பழுதுபார்க்க விட்ட வண்டியைப் பட்டறை ஆள் ஓட்டி ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினாலும், உரிமையாளரின் காப்பீட்டு நிறுவனம் மூன்றாம் நபருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. சாலையில் அடிபட்டவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அந்த வாதம் அவரோடு நின்றுவிடுகிறது. பட்டறைக்குள் வண்டிக்கு ஏற்படும் சேதத்தை அது தொடுவதில்லை. பழைய கார்களும் இருசக்கர வாகனங்களும் பல நேரங்களில் தேர்ட் பார்ட்டி பாலிசியோடு மட்டுமே பட்டறைக்கு வருகின்றன. அவை எரிந்தாலோ மூழ்கினாலோ உரிமையாளருக்கு அந்தப் பாலிசியிலிருந்து கிடைப்பது எதுவுமில்லை. முழுக் காப்பீடு இருந்தால்கூடப் பட்டறைக்காரர் தப்பிவிட்டதாகக் கொள்ள முடியாது. உரிமையாளருக்குப் பணம் கொடுத்த நிறுவனம், கவனக்குறைவைக் காட்டி அதே தொகையைப் பட்டறையிடம் கேட்க முடியும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளை, விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் கவனிப்பதுபோல் கவனிக்கும் கடமையைப் பட்டறைக்காரர்மேல் சுமத்துகிறது. ‘வண்டிகள் உரிமையாளர் பொறுப்பில்’ என்று சுவரில் எழுதிவைப்பதால் மட்டும் அந்தக் கடமை போய்விடாது. 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளம் சென்னையைச் சூழ்ந்தபோது, தாழ்வான இடத்துப் பட்டறைகளில் விட்டிருந்த வண்டிகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்: எச்சரிக்கை வந்த பிறகும் அவற்றை மேட்டுக்கு நகர்த்தாதது கவனக்குறைவா, இல்லையா?

பழைய கார் வியாபாரத்தில் சிக்கல் இன்னும் ஆழம். தனியார் காருக்கான பொதுவான பாலிசி, மோட்டார் வியாபாரம் தொடர்பான பயன்பாட்டைத் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. வாங்க வந்தவர் ஓட்டிப் பார்க்கும்போது கார் சேதமானால், நிறுவனம் கையை விரிக்க அந்த ஒரு வரி போதும். பல கை மாறியும் பதிவில் பெயர் மாறாத ஒரு காரின் விபத்தில், பதிவிலிருந்தவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்போதோ காரை விற்றுக் காசு வாங்கியவர்மேல் விழும் சுமை இது. நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகள் இதைப் பெருமளவு சரிசெய்கின்றன. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் கார் ஒப்படைக்கப்பட்டதைத் தெரிவித்ததும் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். பொறுப்பு அவருக்கு வந்த பின், அதைத் தாங்கும் காப்பீடும் அவரிடம் இருக்க வேண்டாமா?

இருக்கும் தனிப் பாலிசிகளின் குறை இங்கேதான் தெரிகிறது. வண்டியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓட்டிச் செல்வதற்கு ஒன்று, தொழில் நிமித்தம் சாலையில் ஓட்டுவதற்கு ஒன்று, தொழிலிடத்துக்குள் நேரும் ஆபத்துக்கு ஒன்று என்று அவை பிரிந்து கிடக்கின்றன. தொழிற்சாலையையும் பெரிய ஷோரூமையும் மனத்தில் வைத்து வகுத்த பிரிவினை இது. சாலைப் பிரிவு பெரும்பாலும் வண்டி விற்பனையாளருக்குத் தரப்படும் வர்த்தகச் சான்றிதழோடு பிணைந்தது. அந்தச் சான்றிதழின் பயன் இன்று பதிவாகாத புதிய வண்டிகளுக்குத்தான். பதிவான வண்டிகளை மட்டுமே தொடும் தெருவோர மெக்கானிக் அதற்குள் வருவதில்லை. தொழிலிடப் பாலிசி எடுத்தாலும், நஷ்டம் நேர்ந்த அன்று எந்தெந்த வண்டி உள்ளே இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். வாய்ச்சொல்லிலும் கைப்பேசி அழைப்பிலும் நடக்கும் தொழிலில் அந்த ஆதாரம் கிடைப்பது அரிது.

சிறிய பட்டறைக்குப் பிரீமியம் கட்டுப்படியாகாது என்பது வலுவான மறுப்பு; அதை நான் ஒதுக்கவில்லை. இரண்டு பேர் வேலை செய்யும் ஷெட்டுக்குப் பெரிய டீலரின் கணக்கைப் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் காப்பீடு இல்லாததால் செலவு இல்லாமல் போவதில்லை. அது வாடிக்கையாளர் தலையிலோ, எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் தலையிலோ விழுகிறது. 2022 செப்டம்பரில் செகந்தராபாத்தில், கட்டடத்தின் கீழே இயங்கிய மின்ஸ்கூட்டர் ஷோரூமில் பற்றிய தீ, மேலே விடுதியில் இருந்த 8 பேரின் உயிரைக் குடித்தது. அவர்கள் யாரும் ஸ்கூட்டர் வாங்க வந்தவர்கள் அல்லர். ஆகவே பிரீமியத்தை விற்பனைத் தொகையை வைத்துக் கணக்கிடாமல், ஒரே நேரத்தில் உள்ளே நிற்கும் வண்டிகளின் உச்ச எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட வேண்டும். கரூர், நாமக்கல் போன்ற ஊர்களில் தொழில் சங்கத்தின் வழியாகக் கூட்டுப் பாலிசி தரலாம். வண்டி வரும்போது எழுதும் ஜாப் கார்டின் கைப்பேசிப் படத்தையே ஆதாரமாக நிறுவனங்கள் ஏற்க வேண்டும்.