பிழையை வாசித்தல்

கல்லூரியில் எழுதக் கற்றுத்தரும் முதல் வகுப்புக்கு வருகிறவனை எப்படி வரவேற்பது? உபசார வார்த்தைகளுக்கு இதில் வேலையில்லை. அவன் எழுதித் தந்த முதல் பக்கத்தை ஆசிரியர் எப்படி வாசிக்கிறார் என்பதுதான் வரவேற்பு. வாசலில் நிறுத்துவதும் அதே காரியத்தின் மூலம்தான். இதைத் தீவிரமாக யோசித்தவர் நியூயார்க் சிட்டி கல்லூரியில் கற்பித்த மினா ஷானெஸி. 1977ல் வந்த அவருடைய ‘எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ ஆசிரியர்களுக்கான புத்தகம் என்று ஒதுக்கப்படக்கூடியது. எனக்கு அது விமர்சன நூலாகவே படுகிறது.

1969 ஏப்ரலில் கறுப்பின, போர்ட்டோரிக்க மாணவர்கள் அக்கல்லூரியின் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றிப் போராடினார்கள். அதன் பலனாக, நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் என்பது 1970ல் நடைமுறைக்கு வந்தது. வந்தவர்களில் பலர் கட்டுரை எழுதிப் பழகாதவர்கள். அவர்களுடைய தாள்களைப் பார்த்துத் திகைத்த ஆசிரியர்களில் சிலர், இவர்களுக்குச் சொல்லித்தருவது வீண் என்றே தீர்மானித்துவிட்டார்கள்.

ஷானெஸி செய்தது வேறு. 1970 முதல் 1974 வரை எழுதப்பட்ட சுமார் 4000 கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு வாசித்தார். பிழைகளுக்குள் தர்க்கம் இருப்பதைக் கண்டார். ஓர் உதாரணம்: ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் கடைசியில் ‘எஸ்’ வந்தால் பன்மை, வினைச்சொல்லின் கடைசியில் அதே ‘எஸ்’ வந்தால் ஒருமை. பலர் வந்ததைச் சொல்ல வினையிலும் ‘எஸ்’ போடுகிறவன் மந்தபுத்திக்காரன் அல்ல. தெரிந்த விதியை அது செல்லாத இடத்துக்கும் நீட்டுகிறான், அவ்வளவுதான். சிவப்பு மைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மாணவர்கள் கல்லூரிக்குத் தயாரா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, 1975ல் ஓர் உரையில் ஷானெஸி கேள்வியை ஆசிரியர் பக்கம் திருப்பினார்.

இதற்கு வலுவான மறுப்பு 1991ல் வந்தது. எழுதியவர் மின்-ஜான் லூ. சீனாவில், வீட்டில் ஆங்கிலமும் பள்ளியில் சீனமுமாக, இரண்டுக்கும் நடுவே அவதிப்பட்டு வளர்ந்தவர். மாணவனின் எண்ணம் அவனுக்குள் பத்திரமாக இருக்கிறது, பாஷையை மட்டும் திருத்தினால் போதும் என்று ஷானெஸி நம்பினார். பாஷை மாறும்போது எண்ணமும் மாறிவிடுகிறதே என்பது லூவின் கேள்வி. உருவம், உள்ளடக்கம் என்று நாம் இதழ் இதழாக அடித்துக்கொண்ட சண்டைதான். ஆனால் அங்கே அது ஒருவன் தன் தெருவின் பேச்சை விட்டு வருவதா என்ற பிரச்னை. உள்ளே வா என்கிறவர், கழற்றிவிட்டு வரவேண்டியது செருப்பையா காலையா என்றும் சொல்லியாக வேண்டும்.

லூ சொல்வது சரி. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் முதலில் அந்தத் தாள்களை எழுத்து என்று மதித்திருக்க வேண்டியிருந்தது. அந்த மதிப்பை உண்டாக்கியவர் ஷானெஸி. புத்தகம் வந்த மறுவருஷமே, 1978ல், இறந்துபோனார். அதற்கு முன்பே, 1976ல், அந்தப் பல்கலைக்கழகத்தில் இலவசப் படிப்பு நின்றுவிட்டிருந்தது. இத்தகைய ஆரம்ப வகுப்புகளை நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து நீக்குவது என்று 1990களின் இறுதியில் நிர்வாகம் முடிவெடுத்தது. கதவைத் திறப்பதும் மூடுவதும் நிர்வாகத்தின் கையில். வாசிப்பது மட்டுமே ஆசிரியரிடம் இருந்தது.

விமர்சகனிடம் இருப்பதும் அவ்வளவே. புதிதாக எழுத வந்தவனின் முதல் தொகுப்பு கைக்கு வந்ததும் சந்திப் பிழைகளை எண்ணிச் சொல்லி முடித்துக்கொள்ளும் மதிப்புரைகள் நம்மிடையே ஏராளம். பிழையைச் சுட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிழை எதைச் சொல்லப் போய் நேர்ந்தது என்று கேட்காதவன் இன்னும் வாசிக்கவே தொடங்கவில்லை.