தட்டிக்குப் பின்னால்

பாடசாலை நாடகங்களைப் பற்றி எழுதுவோர் நடிகனைப் புகழ்வர்; நெறியாளரைப் புகழ்வர். மேடை நிர்வாகியை எவரும் கண்டுகொள்வதில்லை. நாமும் இதுகாறும் அதையே செய்து வந்தோம்.

அண்மையில் ஒரு பாடசாலை மேடையின் பக்கத் தட்டியருகே நிற்க நேர்ந்தது. மாணவி ஒருத்தியின் கையில் நாடகப் பிரதி. ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே வெற்றுத்தாள் ஒன்று. அதிலே ஒளி மாறும் இடம், மத்தளம் எழவேண்டிய சொல், யார் எப்பக்கத்தால் நுழைவது என்பன பென்சிலாற் குறிக்கப்பட்டிருந்தன. ஒத்திகையில் மாறாதது எதுவுமில்லை, ஆகவேதான் பென்சில். 'ஆயத்தம்' என்று அவள் சொன்னால் விளக்குக்காரனின் கை விசையில் நிற்கும். அடுத்த சொல்லுக்கே அது அசையும். மேசையில் வெண்கட்டியாற் கட்டங்கள் கீறி, வாளுக்கோர் இடம், ஓலைக்கோர் இடம்.

மட்டக்களப்பின் வட்டக்களரியில் அண்ணாவியார் சபைமுன் நின்றே ஆட்டத்தை நடத்தினார். 1962 இல் பேராசிரியர் வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். அதனாற் கூத்து பெற்றது பெரிது. ஆயினும் படச்சட்ட மேடையில் இயக்கும் உழைப்பின் ஒரு கூறு கண்ணுக்கு மறைந்தது. கண்ணுக்கு மறைந்த உழைப்புக்கு நம் சமூகம் கொடுக்கும் மதிப்பு நாம் அறிந்ததே.

நடிப்புக்குக் குரல் போதாதென்று கழிக்கப்பட்டவனை வாங்கு தூக்கவிட்டு, அதனை மேடை நிர்வாகம் என்கிறோம். பிரதியோ ஆசிரியரின் கையில். நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பாடமாக உள்ள நாட்டில், மாணவன் நிர்வாகியின் கடமைகளை விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெற்றால் போதுமா?

அன்றைய நாடகம் சிறந்ததன்று. வசனம் மிக நீளம். ஆனால் அரசன் வரப் பிந்தியபோது அம்மாணவி மத்தளகாரரை நோக்கி விரலைச் சுழற்றினாள். தாளம் இன்னுமொரு சுற்று நீண்டது. சபை அறியவில்லை. மாலை சூட்டும் வேளையில் அவள் பெயரை எவரும் அழைக்கவுமில்லை. அவள் வாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.