வீட்டு வானொலி: பழைய பாட்டும் அலையின் அதிகாரமும்

1

புளியங்குடியில் எங்கள் தெருவில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்குக் கண்ணும் கையும் வேலைக்குப் போய்விடுகின்றன. சும்மா இருப்பது காது மட்டும்தான். அந்தச் சும்மா இருக்கும் காதை நம்பித்தான் வானொலி என்ற ஊடகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தொலைக்காட்சி கண்ணைக் கேட்கிறது. செல்பேசித் திரை விரலைக் கேட்கிறது. வானொலி, வேலை செய்யும் உடம்பிடம் எதையும் கேட்பதில்லை.

கார்களில் செல்பேசிப் பாட்டை வண்டியின் ரேடியோவுக்கு அனுப்புவதற்கென்று ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி வந்து, என் அறையில் மின்சாரம் கொடுத்து, பழைய பாட்டுகளை ஓடவிட்டேன். வீட்டு ரேடியோவில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். சுவருக்கு அந்தப் பக்கமும் அது போய்ச் சேரும் என்று நினைக்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார்: “ஏ அய்யா, நேத்துலருந்து ஒருத்தன் பாட்டாப் போடுதான். ஆளு பேசவே மாட்டேங்கான். ஊமை ஸ்டேஷனால்லா இருக்கு!”

நான்தான் அது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்ற கேள்வியிலிருந்தே இக்கட்டுரை பிறக்கிறது. ‘பழைய பாட்டு நிலையம்’ என்பதை ஏக்கத்தின் வெளிப்பாடாக, ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்காக மட்டும் வாசிப்பது எளிது. பாட்டு இன்று எங்கும் கிடைக்கிறது. யாரும் வேண்டியதைத் தேடிக் கேட்டுக்கொள்ளலாம். அப்படியிருக்க, ஒருவர் தன் வீட்டிலிருந்து நாலு தெருவுக்கு அதே பாட்டைப் போட ஏன் ஆசைப்பட வேண்டும்? பெரியம்மாவுக்குக் குறையாகப் பட்டது பாட்டு அல்ல; பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய மனுசக் குரல்.

2

சென்னையில் வானொலியைத் தொடங்கியது அரசு அல்ல. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவானது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் கருவியோடு ஒலிபரப்பு ஆரம்பமானது. பணமுடையால் 1927இல் நின்றுபோனது. கருவி மாநகராட்சியின் கைக்குப் போய், 1930இலிருந்து மாநகராட்சி ஒலிபரப்பு நடந்தது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. ஆர்வலர் கையிலிருந்து நகராட்சிக்கு, அங்கிருந்து பேரரசுக்கு என்று அலை கைமாறிய வரலாறு இது. பிறகு அது திரும்பி வரவே இல்லை.

இதே காலத்தில் கேட்பவரும் அரசின் கணக்குக்குள் வந்தார். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வானொலிப் பெட்டியை வைத்திருப்பதற்கே உரிமம் கேட்டது. தபால் ஆபீசில் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கிய நினைவு பல வீடுகளில் உண்டு. 1980களின் நடுப்பகுதியில்தான் அது ஒழிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் நம் காதுக்கு லைசென்ஸ் இருந்தது என்பதை மறந்துவிட்டோம். காது விடுதலை பெற்றது; வாய் பெறவில்லை.

நாம் ‘பொற்காலப் பாடல்கள்’ என்று கொண்டாடுகிறவற்றுக்கும் ஒரு கடந்தகாலம் உண்டு. 1952இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டை ரசனையைக் கெடுப்பது என்று கருதி அகில இந்திய வானொலியில் ஒடுக்கினார். அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை நிரப்பியது. 1957 அக்டோபரில் விவித பாரதி வந்தது, இழந்த காதுகளைத் திரும்பப் பிடிக்கத்தான். ஆக, இன்று ‘மரபு’ என்று போற்றப்படும் பாட்டு அன்று அரசு வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட பாட்டு. கடல் தாண்டி நமக்கு வந்து சேர்ந்த பாட்டு. அலையும் அதற்கு உதவியது. மத்திய அலை நிலத்தைவிட உப்பு நீரின் மேல் எளிதாகப் பயணம் செய்யும். இரவில் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவு போகும். 1963இல் திருநெல்வேலி நிலையம் வந்த பிறகும் தெற்கத்திச் சீமையின் காது கொழும்பை விட்டு நகரவில்லை.

கொழும்பு தந்தது பாட்டு மட்டுமா? எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் பாட்டுக்கு நடுவே நின்றார்கள். நேயர் விருப்பத்தில் நம் பெயரையும் ஊரையும் வாசித்தார்கள். எங்கோ ஒரு நாட்டு நிலையம் தன் சிற்றூரின் பெயரை உச்சரிப்பதைக் கேட்டவர், அந்த நொடியில் வரைபடத்தில் இடம் பெற்றவர் ஆனார். பெயர் சொல்லப்படுவதற்கான காத்திருப்புதான் அந்த ‘ரசனை’யின் உள்ளடக்கம், பாட்டு அதற்கான சாக்கு எனலாம்.

3

பீகாரின் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூரில் ராகவ் மகதோ என்ற ரேடியோ ரிப்பேர்க்காரர் 2003 வாக்கில் ஒரு பண்பலை நிலையத்தைத் தொடங்கினார். கருவியின் செலவு சுமார் 50 ரூபாய். மூங்கில் கம்பில் ஏரியல். ‘ராகவ் எஃப்.எம். மன்சூர்பூர் 1’ பழைய இந்திப் பாட்டுகளைப் போட்டது. போலியோ, எய்ட்ஸ் பற்றிச் சொன்னது. காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி அறிவித்தது. செய்தி உலகெங்கும் பரவிய சில வாரங்களில், 2006 மார்ச்சில், உரிமம் இல்லை என்று மூடப்பட்டது. இவ்வளவு நாள் ஊர் அறிந்த ஒன்றை, உலகம் அறிந்ததும் சட்டம் அறிந்துகொண்டது.

‘அலைவரிசை பொதுச் சொத்து’ என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995 பிப்ரவரியில். அந்தப் ‘பொது’ யார்? தனியார் பண்பலைக்கு ஏலம் வந்தது. 2002 முடிவில் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி அனுமதிக்கப்பட, 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது: 100 வாட் வரை, 30 மீட்டர் கோபுரம் வரை. இது சிறிய காரியமில்லை. ஆனால் தனிமனிதருக்கு இடமில்லை. 1885இன் தந்திச் சட்டத்தை நீக்க வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த விடுபடலைத் தொடவில்லை. அரசு, சந்தை, பதிவுபெற்ற நிறுவனம் என மூன்று பேச்சாளர்களைச் சட்டம் அறியும். பக்கத்து வீட்டுக்காரன் என்றொருவனை அது அறியாது.

இதன் அபத்தம் எங்கள் ஊரில் நின்று பார்த்தால் தெரியும். அம்மன் கொடைக்குக் குழாய் கட்டினால் மூன்று நாள் ஊரே அதிரும். காவல் நிலையத்தில் ஒரு மனு போதும். இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதி இருக்கிற இடத்தில் இருக்கும். தென்மாவட்டங்களில் குழாய் எந்தத் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்பதில் சாதி இருக்கிறது. அதற்காக வெட்டுக்குத்தும் நடந்திருக்கிறது. குழாயின் சத்தத்தைக் கேட்பவர் மூட முடியாது. வானொலி அலையோ தெரு பார்க்காது; பிடிக்காதவர் பட்டனை அமுக்கினால் செத்துப்போகும். மூட முடியாத கத்தலுக்கு அனுமதி. மூடக்கூடிய முணுமுணுப்புக்குத் தடை.

அலை நெரிசல், விமானத் தொடர்புக்கு இடையூறு என்ற மறுப்புகள் பொய் அல்ல. பண்பலை 108 மெகாஹெர்ட்ஸில் முடியும் இடத்தில்தான் விமானங்களுக்கான அலைவரிசை தொடங்குகிறது. மட்டமான கருவி அங்கே சிந்தும். ஆனால் அதற்கு மருந்து திறன் வரம்பும் கருவிச் சோதனையும். முழுத் தடை அல்ல. அமெரிக்காவில் சில பத்து மீட்டர் போகும் நுண்திறன் ஒலிபரப்புக்கு உரிமமே வேண்டாம். ஜப்பானிலும் மிகப் பலவீனமான அலைக்குச் சட்டம் விலக்கு அளித்தது. அந்தச் சந்துக்குள் புகுந்துதான் 1980களில் டெட்சுவோ கோகாவாவும் அவரைச் சார்ந்தவர்களும் ‘மினி எஃப்.எம்.’ நடத்தினார்கள். 1976இல் இத்தாலியின் பொலோன்யாவில் தொடங்கி 1977 மார்ச்சில் போலீசால் மூடப்பட்ட ‘ரேடியோ அலிச்சே’யை ஃபெலிக்ஸ் குத்தாரி கொண்டாடினார். கோகாவா அங்கிருந்து தொடங்கினாலும் இன்னொரு முடிவுக்கு வந்தார்: எல்லை சிறிதாக இருப்பது குறை அல்ல, அதுவே பலம். கேட்கிறவர் எழுந்து நடந்து நிலையத்துக்கு வந்துவிட முடியும். 1932இல் பிரெக்ட், வானொலி விநியோகிப்பதை விட்டு உரையாட வேண்டும் என்று கேட்டார். அந்த உரையாடல் தொழில்நுட்பத்தால் அல்ல, நடந்து சேரும் தூரத்தால் சாத்தியமாகிறது.

4

இவ்வளவு எழுதிய பின்பும் என் அறைக்குத் திரும்பத்தான் வேண்டியிருக்கிறது. விளிம்பு என்று பெயரிட்டதாலேயே அங்கு அதிகாரம் இல்லாமல் போய்விடாது.

மூன்றாம் நாள் பெரியம்மாவின் மருமகள் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அந்த ஸ்டேஷன்ல இளையராசா பாட்டே வரலியே. எல்லாம் எங்க மாமா காலத்துப் பாட்டாப் போடுதான்.” எனக்குள் உடனே எழுந்த பதில்: அதெல்லாம் பழைய பாட்டு இல்லையே. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, ஆகிவிட்டது. அவளுக்கு 1990களே பழசு. எது பழசு என்று தீர்மானிக்கும் உரிமையை யார் எனக்குக் கொடுத்தார்கள்? என் மெமரி கார்டில் இருந்த பட்டியல் நான் வாலிபனாகும்வரை வந்த பாட்டுகளோடு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இரைச்சல் என்று உள்ளூர முடிவுசெய்திருந்தேன். அமைச்சராகாமலே எனக்குள் ஒரு கேஸ்கர் உட்கார்ந்திருந்தார்.

சட்டத்தின் மீது நான் வைத்த குற்றச்சாட்டு எனக்கும் பொருந்துகிறது. நான் அலையைத் திறந்தேன், காதைத் திறக்கவில்லை. பேசாமல் இருந்தது போலீசுக்குப் பயந்து மட்டுமல்ல. பேசினால் யார் என்று தெரியும். தெரிந்தால் பதில் சொல்ல வேண்டிவரும். இந்தப் பாட்டைப் போடு, அதை நிறுத்து, எங்க வீட்டுக் கெடா காணலை, சொல்லு என்பார்கள். ராகவ் மகதோவின் நிலையம் அந்தத் தொந்தரவைத்தான் வானொலியாக ஆக்கியிருந்தது. தொந்தரவு இல்லாத ஒலிபரப்பு வெறும் பாட்டுப் பெட்டி.

எனவே வீட்டு வானொலிக்கான கோரிக்கையை ஏக்கத்தின் பெயரால் வைப்பதில் பயனில்லை. நாலு தெருவுக்குள் கேட்கும் குரலுக்கு உரிமம் வேண்டாம் என்று சட்டம் சொல்லட்டும். அந்தக் குரல் பட்டியலை மூடி வைக்காமல் இருக்கட்டும். ஒன்றில்லாமல் மற்றது வெறும் சலுகை.

கருவியைக் கழற்றி மேஜை அறைக்குள் வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பெரியம்மா கேட்டார்: “அந்த ஊமை ஸ்டேஷன் போயிட்டே அய்யா. பாட்டு நல்லாத்தான் போட்டான். ஒரு வார்த்த பேசிட்டுப் போயிருக்கலாம்லா?”

“ஆமா பெரியம்மா” என்றேன். அதற்கு மேல் அப்போதும் பேசவில்லை.