இசைத்தட்டின் உறையில் ஒரு வழுவமைதி

தி கிளாஷ் என்னும் இலண்டன் ராக் குழுவினர் 1979 டிசம்பரில் வெளியிட்ட 'லண்டன் காலிங்' இரட்டை இசைத்தட்டைத் தேடிச் சேர்ப்போர், பாட்டுக்காக மட்டுமன்றி உறைப்படத்திற்காகவும் அதனைப் போற்றுகின்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியம் அரங்கில் பென்னி ஸ்மித் அம்மையார் பிலிம் சுருளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. அவையோரை இருக்கையைவிட்டு எழவிடாமல் காவலர் தடுக்கக் கண்டு சினந்த பால் சைமனன், தம் பேஸ் கித்தாரை மேடையில் அடித்து நொறுக்க ஓங்குகிறார். நெருங்கி வந்தவரிடமிருந்து பின்வாங்கியவாறே எடுத்தமையால் உருவம் கூர்மையிழந்து மங்கிற்று.

தெளிவில்லாத படம் உறைக்கு ஆகாதென்று அம்மையாரே மறுத்தார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் உறையை வடிவமைத்த ரே லோரியும் விடவில்லை. எவர் கூற்றுச் சரி?

இலக்கணம் கற்பிப்போர்க்கு இவ்வினா புதிதன்று. உவப்பு, செறல் முதலிய காரணத்தால் பாலும் திணையும் மயங்கினும் நன்னூலார் அதனை ஏற்றுக்கொள்கிறார். செறலாவது சினம். இப்படத்தில் மங்கலே சினத்தின் வேகத்தைக் காட்டுகிறது. கூர்மையாக விழுந்திருப்பின் விறகு பிளப்பவர் படம்போல் ஆகியிருக்கும்! ஆதலின் அம்மையாரின் கண் பிழையைக் கண்டது சரியே. பிழைக்குரிய காரணத்தைக் கண்டவர் மற்றை இருவருமே. காரணமின்றி மங்கிய மேடைப்படங்களையும் கலையென்று கொண்டாடுவோர்க்கு இவ்வுறை சான்றாகாது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. உறையிலுள்ள இளஞ்சிவப்பு, பச்சை எழுத்துகளின் அமைப்பை, எல்விஸ் பிரஸ்லியின் 1956ஆம் ஆண்டு முதல் நெடுந்தட்டிலிருந்தே லோரி எடுத்தாண்டார். அவ்வுறையில் கித்தார் பாடுகிறது, இவ்வுறையில் உடைபடப்போகிறது. இரண்டு அட்டைகளையும் சேர்த்து வைத்திருப்போர் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.