நிலமும் பொழுதும் மட்டும்

சந்தக்ஃபூவில் நவம்பர் மாத விடிகாலை, மணி ஐந்து. இரவு முழுக்க ஸ்லீப்பிங் பேக்குக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்திருந்த இரண்டு பேட்டரிகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். குளிரில் விட்டுவைத்தால் முழுக்க சார்ஜ் ஏற்றியதுகூடச் சீக்கிரம் படுத்துவிடும். ட்ரைபாடின் அலுமினியக் காலைத் தொட்டால் குளிர் கையுறையைத் தாண்டிக் கடித்தது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்ததும் மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்து எல்லாம் மங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. என் இருபுறமும் பத்துப் பதினைந்து ட்ரைபாடுகள். யாரும் பேசவில்லை. வடக்கே கஞ்சன்ஜங்காவின் உச்சி மட்டும், நீறு பூத்த கரியை ஊதியதுபோல, முதலில் சிவந்தது. அந்தச் சிவப்பு கீழே இறங்கி, பொன்னாகி, வெளுத்து முடியப் பத்து நிமிடம்தான் ஆனது. அதற்குள் 140 படங்கள் எடுத்திருந்தேன். பக்கத்தில் நின்றவர்களும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். எங்கள் மெமரி கார்டுகளைக் கலைத்துப் போட்டால் எந்தப் படம் யாருடையது என்று எங்களாலேயே சொல்ல முடியாது.

மேற்கு வங்கத்தில், நேபாள எல்லையை ஒட்டி ஓடும் சிங்கலீலா மலைத்தொடரில் இருக்கிறது சந்தக்ஃபூ. உயரம் 3,636 மீட்டர். உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களில் கே2 தவிர மற்ற நான்கையும், அதாவது எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகியவற்றை, ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். மூட்டையைச் சுமந்து நாள்கணக்கில் நடந்து மலையைப் படமெடுக்கும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. அது எனக்குக் கொடுத்தது ஏராளம். ஆனால் எதையோ தொடர்ந்து தவறவிடுகிறோம் என்ற உறுத்தலும் கூடவே வந்துகொண்டிருந்தது. அது என்னவென்று அந்தக் காலையில்தான் பிடிபட்டது.

கொடுத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மானேபஞ்ஜங்கிலிருந்து பழைய லேண்ட் ரோவர் பிடித்தால் ஒரே நாளில் சந்தக்ஃபூ வந்துவிடலாம். அப்படி வருகிறவருக்குக் கஞ்சன்ஜங்கா ஒரே ஒரு காட்சி, கிடைத்தால் உண்டு, மேகம் மூடினால் இல்லை. நடந்து வருகிறவருக்கு அது மூன்று நாள் பழக்கம். தும்லிங்கில் காலை ஒன்பது மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்து மலையை மறைப்பதை அவர் பார்த்திருப்பார். காலிபோக்ரியில் சாயங்காலம் அதே மேகம் காலடியில் வடிந்து கிடப்பதையும் பார்த்திருப்பார். சிகரங்கள் சேர்ந்து படுத்திருக்கும் புத்தரைப்போலத் தெரிவதால் இங்கே எல்லோரும் அதை ‘ஸ்லீப்பிங் புத்தா’ என்கிறார்கள். கும்பகர்ணா சிகரம் முகம், கஞ்சன்ஜங்கா வயிறு. அந்த முகத்தின் நிழல் எந்நேரம் எந்தப் பக்கம் விழும் என்பது காலால் கற்கும் பாடம். கேமரா இல்லாவிட்டால் நான் அத்தனை முறை நின்றிருக்க மாட்டேன், அவ்வளவு சீக்கிரம் எழுந்தும் இருக்க மாட்டேன்.

சுமையும் ஒரு விதத்தில் ஆசிரியர்தான். 1927 ஏப்ரல் 10 அன்று அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே உள்ள விளிம்புக்கு ஏறியபோது, கண்ணாடித் தகடு போட்டு எடுக்கும் பெரிய கேமராவும் 12 தகடுகளும் அவர் முதுகில் இருந்தன. வழியிலேயே பெரும்பாலானவை செலவாகிவிட்டன. உரிய இடத்தில், உரிய வெளிச்சத்தில் நின்றபோது மிச்சம் இரண்டு. ஒன்றை மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். அது தான் உணர்ந்த பாறையைக் காட்டாது என்று தோன்றியதும் கடைசித் தகட்டை அடர் சிவப்பு ஃபில்டரோடு எடுத்தார். வானம் கறுத்துப் பாறை எழுந்து நின்றது. அதுதான் ‘மோனோலித்’. கையில் ஒன்றே ஒன்று மிஞ்சும்போது வரும் யோசனை 140 படங்களில் எனக்கு வரவில்லை. கண்ணுக்கு நீலமாகத் தெரிந்த வானத்தைக் கறுப்பாக்கியது பொய்யா என்றால், இல்லை என்பேன். அது மலையைப் பற்றி, அங்கே நின்ற மனிதனின் நெஞ்சு சொன்ன சொல்.

இனி, எடுத்துக்கொண்டது. என் முதுகுப்பை 13 கிலோ. அதில் கேமராவும் லென்ஸ்களும் ட்ரைபாடும் மட்டும் நாலரை கிலோ. அந்த எடைக்காக ஒரு கம்பளிச் சட்டையை வீட்டில் விட்டுவந்தேன். காலிபோக்ரி ஏற்றத்தில் நான் ஒரு மேகத்துக்காக முக்கால் மணி நேரம் நின்றபோது, கூட வந்த நண்பர்கள் மூவரும் வழிகாட்டி தாஜுவும் வேர்த்த உடம்போடு காற்றில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்கு அன்றிரவே காய்ச்சல் வந்தது. மலையில் கூட்டாக நடப்பதற்கென்று ஓர் அறம் உண்டு. மெதுவாக வருபவருக்காக மற்றவர்கள் காத்திருக்கலாம், ஆனால் அவர்களைக் காக்கவைக்க ஒருவனுக்கு உரிமை கிடையாது. அதை நான் மீறினேன். படம் நன்றாக வந்தது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

இவை கொஞ்சம் ஒழுங்கு இருந்தால் திருத்திக்கொள்ளக்கூடியவை. என்னை உறுத்தியது வேறு.

தொல்காப்பியம் அகப்பாட்டின் நிலத்தைப் பேசும்போது முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். குறிஞ்சிக்கு மலை மட்டும் போதாது, கூதிரும் யாமமும் வேண்டும். அலாரம் வைத்து எழுந்து ஒளிக்காக நிற்கும் புகைப்படக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவருடைய கலையே நிலத்தோடு பொழுதைச் சேர்ப்பதுதான். ஆனால் தொல்காப்பியம் அங்கே நின்றுவிடுவதில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என்று கருப்பொருளுக்குள் போகிறது. தினைப்புனமும், கிளியோட்டும் பெண்ணும், தேனெடுக்கப் போனவனும் இல்லாத வெறும் மலையை நம் பழம்பாட்டு மலையாகக் கொள்வதில்லை. மலையேற்றப் புகைப்படக்கலை முதற்பொருளில் தேர்ந்துவிட்டது. கருப்பொருளிலும் மரம், பறவை, விலங்குவரை வரும். உணவும் தொழிலும் எதிர்ப்பட்டால் கேமராவைச் சற்றுத் திருப்பிக்கொள்ளும்.

இந்தத் திருப்பல் இந்தக் கலையோடு கூடப் பிறந்தது. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் 1863இல் இந்தியாவுக்கு வந்து, அடுத்த மூன்றாண்டுகளில் மூன்று முறை இமயமலைப் பயணம் போனார். 1866இல் மணிராங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் படமெடுத்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஆகவே இருட்டறைக் கூடாரமும் மருந்துப் புட்டிகளும் கண்ணாடிப் பெட்டிகளும் கூடவே மலையேறின. ஏற்றியவர்கள் டஜன் கணக்கான சுமைகூலிகள். பாதிவழியில் அவர்கள் சுமையைப் போட்டுவிட்டு ஓடியதை போர்னே எழுதியிருக்கிறார். அவருடைய பனிமலைப் படங்களில் அவர்கள் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும், பாறை எவ்வளவு பெரிது என்று காட்டும் அளவுகோலாக, புள்ளியாக நிற்கிறார்கள். அந்தப் படங்களின் தெளிவும் சமநிலையும் இன்றும் அசரவைப்பவை. அசந்து நிற்கும்போதே, அந்தக் கண்ணாடிப் பெட்டியை மேலே கொண்டுவந்த தோள் யாருடையது என்ற கேள்வியும் வர வேண்டும்.

ஆடம்ஸிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1944இல் அவர் கலிஃபோர்னியாவின் லோன் பைன் ஊரருகே எடுத்த குளிர்காலச் சூரியோதயப் படம் புகழ்பெற்றது. பனி மூடிய சியரா நெவாடா, அதன் முன்னே இருண்ட குன்று, அடியில் ஒரு துண்டு வெயிலில் மேயும் குதிரை. முதுகைக் காட்டி நின்ற அந்தக் குதிரை திரும்பும்வரை அவர் காத்திருந்தார். அதே குன்றில் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுண்ணாம்பால் எழுதிய ‘எல் பி’ என்ற பெரிய எழுத்துகளும் இருந்தன. அவற்றை நெகட்டிவிலிருந்தே அழித்தார். எஞ்சிய தடத்தை ஒவ்வொரு பிரதியிலும் புள்ளி வைத்து மறைத்தார். அதை அவர் ஒளிக்கவில்லை, தானே எழுதிவைத்தார். வானத்தைக் கறுப்பாக்கியதை ஏற்ற என்னால் இதை ஏற்க முடியவில்லை. அங்கே மலையின் கனத்தைக் கூட்டினார். இங்கே மலையடியில் ஒரு ஊர் இருக்கிறது என்பதைக் கழித்தார். இத்தனைக்கும் அந்த நாட்களில் அவர் அப்பக்கம் போனது, சற்றுத் தள்ளியிருந்த மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர்களைப் படமெடுக்க. அவர்களுக்காக அந்த ஆண்டே ஒரு புத்தகமும் வெளியிட்டார். அவ்வளவு மனிதப்பற்று உள்ளவரின் கையே மலையென்று வந்ததும் ஊரை அழித்திருக்கிறது. ஒரு கலையின் பழக்கம் கலைஞனைவிட வலுவாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வெறுமையாகக் காட்டியதால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆடம்ஸின் 1938ஆம் ஆண்டு சியரா நெவாடா புத்தகம் அதிபர் ரூஸ்வெல்ட்வரை போனது. 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா உருவானதில் அதற்குப் பங்குண்டு. ஒரு படம் ஒரு பள்ளத்தாக்கைக் காக்க உதவியது என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் யாரும் தொடாத நிலம் என்று அதே படங்கள் நம்பவைத்த யோசெமிட்டியில், 1851இல் படை புகுந்து விரட்டும்வரை அவானீச்சி மக்கள் வாழ்ந்துவந்தார்கள்.

இன்று அந்த வெறுமை கூட்டத்தையும் அழைத்துவருகிறது. 2022 அக்டோபரில் இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. ஆளில்லாத நீலச் சரிவுகளாகவே படங்கள் பரவின. பார்க்கப் போனவர்கள் கூட்டம் கூட்டமாகச் செடிகளை மிதித்தார்கள், பூவைப் பறித்தார்கள், பிளாஸ்டிக் பாட்டில்களை விட்டுவந்தார்கள். அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் சுற்றுலா வாரியம் 2018இல், படத்தோடு துல்லியமான இடத்தைப் போடாதீர்கள் என்று ஒரு பிரசாரமே நடத்தியது. அது கொஞ்சம் உதவும். ஆனால் இடத்தை மறைத்து வெறுமையை மட்டும் காட்டுவது அந்த ஆசையை இன்னும் கிளறத்தான் செய்யும். கள்ளிப்பாறையில் மிதிபட்ட செடிகளையும் படமெடுத்துப் போட்டிருந்தால் கிளம்புவதற்கு முன் சிலராவது யோசித்திருப்பார்கள்.

அன்றைக்கு சந்தக்ஃபூவில் ஒளி வெளுத்ததும் கேமராவை மூடிவிட்டுத் திரும்பினேன். எங்கள் ட்ரைபாடுகளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், லாட்ஜ் சுவரோரம், ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, உறைந்துபோன தண்ணீர்க் குழாயில் கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவாள், குழாயைத் தட்டுவாள், மறுபடி ஊற்றுவாள். நாங்கள் எல்லோரும் சற்று முன் குடித்த தேநீர் அப்படி வந்த தண்ணீர்தான். அவ்வளவு நேரமும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். கேமராவைத் திறக்கக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். கேட்காமல் எடுத்தால், மலைமக்களின் கஷ்டம் என்று தலைப்பிடத் தோதான இன்னொரு படம்தான் கிடைத்திருக்கும். சட்டகத்துக்குள் ஆளைக் கொண்டுவந்துவிட்டால் மட்டும் கரு வந்துவிடாது. அந்த ஆளோடு இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும், அவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டே நடக்கும் மலையேற்றக்காரருக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை. மேகத்துக்கு முக்கால் மணி நேரம் கொடுத்த எனக்கு இருந்தது.

இறங்கும் வழியில் ஸ்ரீகோலாவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது தாஜு படங்களைக் காட்டச் சொன்னார். கேமராவையே கொடுத்தேன். சந்தக்ஃபூ விடியலை நாலைந்து தள்ளுதலில் கடந்துவிட்டார். தும்லிங்கில் முதல் நாள் காலை எடுத்த படத்தில் நின்றார். கஞ்சன்ஜங்கா நன்றாக விழுந்த படம் அது. கீழ் இடது மூலையில் ஒரு தகரக் கூரை நுழைந்துவிட்டதால் வெட்டிவிட வேண்டும் என்று நான் ஒதுக்கிவைத்திருந்தேன். அவர் பொத்தானை அழுத்தி அந்த மூலையைப் பெரிதாக்கினார். கூரைக்கு மேலே மெல்லிய புகை தெரிந்தது.

"என் அக்கா வீடு சார்," என்றார் ஹிந்தியில். "அடுப்பு மூட்டிவிட்டாள், பாருங்கள்."

அக்காவின் பெயரைக் கேட்டேன். எத்தனை பிள்ளைகள், மழைக்காலத்தில் அந்த முகட்டில் என்ன செய்வார்கள் என்றெல்லாம் கேட்டேன். தேநீர் ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்து அந்தப் படத்தை வெட்டாமல் இரண்டு பிரதி அச்செடுத்தேன். ஒன்று தாஜு மூலமாகத் தும்லிங்குக்குப் போயிருக்கிறது. இன்னொன்று என் மேசைக்கு எதிரே இருக்கிறது, மூலையில் அந்தக் கூரையோடு.