அனுமதி வேறு, உரிமம் வேறு

ஒரே சர்வரில் பல மாணவர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்ய ரிமோட் டெஸ்க்டாப் அமைப்பது எப்படி என்று தமிழில் ஒரு வழிகாட்டிக் குறிப்பு கைக்கு வந்தது. படங்கள் தெளிவு, நடை எளிமை. பாராட்டணும். குறை ஒரு சொல்லில்தான்: 'பெர்மிஷன்', 'லைசென்ஸ்' இரண்டுக்குமே 'அனுமதி' என்றே எழுதியிருக்கிறார்கள்.

மாணவரை 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' குழுவில் சேர்ப்பது அனுமதி. அது மட்டும் போதாது. விண்டோஸ் சர்வர், நிர்வாகப் பணிக்கென்று ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளைத்தான் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 'செஷன் ஹோஸ்ட்' நிறுவி, பயனர் கணக்கிலோ கருவி கணக்கிலோ உரிமம் வாங்கணும். 20 கணினிகளை 200 பேர் மாறி மாறிப் பயன்படுத்தும் கூடத்துக்குக் கருவி உரிமமே பொருத்தம். குறிப்பில் இது இல்லை.

உரிமம் இல்லாமலும் 120 நாள் ஓடும். 'அதான் அனுமதி கொடுத்தாச்சே' என்று நாமும் இருந்துவிடுவோம். அதன்பின் மாணவர் உள்ளே நுழைய முடியாது. அது தேர்வு வாரமாக இருந்தால்?

மாணவர்களே, பொருத்தமான சொல்லை எழுதுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை.