காட்டுக் குரங்கின் ரத்தத்தில் எதைத் தேடுகிறோம்?

உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் ஒரேயொரு சிவப்புக் கொலோபஸ் குரங்கின் ரத்தத்தில், அதுவரை யாரும் அறியாத இரண்டு வைரஸ்கள் இருந்ததை 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இரண்டுமே குரங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் வைரஸின் உறவுகள். 1964இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில், ஆய்வுக்கூடத்து மெக்காக் குரங்குகளைக் கொத்துக்கொத்தாகச் சாகடித்தது அந்த வைரஸ்தான்.

முன்பெல்லாம் இன்ன வைரஸ் இருக்கலாம் என்று ஊகித்துக்கொண்டுதான் சோதனையைத் தொடங்க முடியும். இப்போது ரத்தத்தில் உள்ள மரபுத் துணுக்குகள் அனைத்தையும் வாசித்து, தெரிந்த வைரஸ்களோடு கணினியில் ஒப்பிடுகிறார்கள். ஊகத்துக்கு வேலையில்லை என்பது பெரிய பலம். ஆனால் தெரிந்த எதையும் ஒத்திராத துணுக்கு இந்தச் சல்லடையில் சிக்காமல் போய்விடும். சிக்கியதும் வெறும் எழுத்துவரிசைதான். அந்த வைரஸ் எந்த உயிரணுவுக்குள் நுழையும், யாரைக் கொல்லும் என்பதை அது தானாகச் சொல்லிவிடாது. 1964இன் வைரஸ் மனித உயிரணுவுக்குள்ளும் நுழைந்து பெருகக்கூடியது என்பது 2022இல்தான் ஆய்வகத்தில் உறுதியானது. அந்த வைரஸால் எந்த மனிதருக்கும் நோய் வந்ததாக இதுவரை பதிவில்லை.

இந்தத் துறையின் மிகச் சிறந்த வேலை என்று நான் கருதுவது எய்ட்ஸ் வைரஸின் பூர்வீகத்தைக் கண்டறிந்ததைத்தான். காட்டுச் சிம்பன்சியைப் பிடித்து ஊசி குத்துவது எளிதல்ல, நியாயமும் அல்ல. வைரஸ் ஆய்வாளர் பியாட்ரிஸ் ஹான் குழுவினருக்காகக் காட்டின் தரையில் கிடந்த சிம்பன்சி மலத்தைத் தடம் பார்ப்பவர்கள் சேகரித்தார்கள். அது பதப்படுத்தும் திரவத்தில் இடப்பட்டு ஆய்வகத்துக்குப் போயிற்று. உலகெங்கும் பரவிய எச்.ஐ.வி. வகைக்கு மிக நெருங்கிய உறவு தென்கிழக்குக் கேமரூனின் சிம்பன்சிகளிடம் இருப்பதை 2006இல் அந்த மலமே காட்டிக்கொடுத்தது.

எச்.ஐ.வி.யின் உறவான அந்த வைரஸ் சிம்பன்சிகளுக்குத் தீங்கு செய்யாது என்றே வெகுகாலம் நம்பிவந்தார்கள். தான்சானியாவின் கோம்பேயில் அந்த நம்பிக்கை உடைந்தது. அங்கே 1960இல் ஜேன் குடால் தொடங்கிய கண்காணிப்பில் ஒவ்வொரு சிம்பன்சிக்கும் பெயர் உண்டு. தாய் யார், எப்போது குட்டி ஈன்றது, எப்போது இறந்தது என்ற பதிவும் உண்டு. தொற்றுள்ளவை இறக்கும் வாய்ப்பு 10 முதல் 16 மடங்கு அதிகம் என்று 2009இல் தெரியவந்தது. மரபுவரிசையை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லியிருக்கவே முடியாது. நோட்டுப் புத்தகத்தோடு பல்லாண்டுகள் காட்டில் நடந்தவர்களின் உழைப்பே வைரஸுக்குப் பொருள் தந்தது.

நோய் எதிர்த்திசையிலும் பாய்கிறது. கிபாலேயின் நோகோ பகுதியில் 2016 இறுதியில் தொடங்கிய சுவாச நோயில் 25 சிம்பன்சிகள் இறந்தன. காரணம், மனிதர்களிடையே சளிக்காய்ச்சல் உண்டாக்கும் மெட்டாநிமோவைரஸ். வைரஸ் தேடிப் போகிறவர்களும் மனிதர்கள்தான். முகக்கவசமும் இடைவெளியும் அவர்களுக்கும் கட்டாயமாக வேண்டும்.

அடுத்த கொள்ளைநோயை முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்ற வாக்குறுதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க அரசு நிதியில் 2009இல் தொடங்கிய பிரெடிக்ட் திட்டம் நூற்றுக்கணக்கான புது வைரஸ்களைக் கண்டுபிடித்தது. அவற்றில் எது மனிதரைத் தாக்கும் என்று அந்தப் பட்டியலால் சொல்ல முடியவில்லை. முன்கணிப்பை விட்டு, மனிதர்களிடம் நோய் தலைகாட்டும்போதே பிடிக்கும் கண்காணிப்புக்குச் செலவிடுங்கள் என்று வைரஸ் ஆய்வாளர் எட்வர்ட் ஹோம்ஸ் உள்ளிட்ட மூவர் 2018இல் 'நேச்சர்' இதழில் வாதிட்டார்கள். அவர்கள் சொன்னதே சரி.

நம் பக்கத்துச் சான்றும் இருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன, ஊராருக்குக் காய்ச்சல் கண்டது. அதைத் தொடர்ந்து தேடியபோதுதான் கியாசனூர் காட்டு நோயின் வைரஸும் அதைப் பரப்பும் உண்ணியும் பிடிபட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையில் குரங்கு செத்துக் கிடக்கக் கண்டால் தொடாதீர்கள். அன்றைக்கே வனத்துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.